கானோ ஜிகோரோ: ஆசிரியரைத் தேடிய மாணாக்கர்

பர்மா தேசத்தாரிடம் தைங் என்னும் பெயரால் வழங்கும் போர்ப்பயிற்சி வித்தை ஒன்றுண்டு. கையுறையின்றிக் குத்தும் லெத்வேயும், பற்றிப் புரட்டும் நபன் என்னும் மல்லும், வாளும் கோலும் ஏந்தும் பன்ஷேயும் அதன் உறுப்புக்களாம். இப்பெயர்களை எங்கேனும் படித்துவிட்ட மாணாக்கர் சிலர், இவற்றைக் கற்பிப்பார் எங்குளர், இவற்றுக்கு நூல் உண்டோ என்று வினவுவதுண்டு. வினா நல்லதே, விடைதான் எளிதன்று. அருகிப்போன வித்தை எதுவாயினும், அதனை நாடுவோனுக்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் ஆசிரியர் இருக்குமிடம் தெரியாமையே. உடம்பு நோவதெல்லாம் அதற்குப் பின்னர்தான். இவ்வினாவுக்கு நேர்விடை பகரப் புகாது, 1877-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்து வீதிகளில் இதே வினாவை நெஞ்சிற் சுமந்து அலைந்த ஓரிளைஞரின் சரித்திரத்தை ஈண்டுக் கூறுவாம். ஜூடோ என்னும் பயிற்சியை உலகுக்கு அளித்தவர் என்று அவர் பெயர் இன்று எல்லார்க்கும் தெரியும். அவர் அதனைத் தேடிக் கண்ட கதை அத்துணைப் பரவியதன்று.

கானோ என்பது குடிப்பெயர். ஜிகோரோ என்பது அவருக்கு இட்ட பெயர். குடிப்பெயரை முன்னே வைத்தல் ஜப்பானியர் வழக்கம். அவர் 1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ந் தேதி, இக்காலத்துக் கோபே நகரின் ஒரு பகுதியாய் விளங்கும் மிகாகே என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தார். அவ்வூர் அரிசியினின்று வடிக்கப்படும் சாக்கே என்னும் மதுவுக்குப் பேர்போனது. அவருடைய தாய்வழிக் குடும்பத்தாரும் அத்தொழிலினரே. மதுவிலக்கில் ஊக்கமுடைய நம் வாசகர் முகஞ் சுளிக்க வேண்டா. அக்குடும்பத்துக்கு மருகராய் வந்து அவர்கள் பெயரையே ஏற்ற தந்தையார் மதுத்தொழிலை மேற்கொள்ளாது, அரசாங்கத்தாருக்காகக் கப்பற் போக்குவரத்தைக் கவனிக்கும் பணியில் அமர்ந்தவர். ஜிகோரோ சிறுவராயிருந்தபோதே, 1869-இல், அன்னையார் காலஞ்சென்றனர். பின்னர்த் தந்தையார் அவரைத் தலைநகருக்கு அழைத்துச் சென்றார். எடோ என்று வழங்கிய அந்நகரம் டோக்கியோ என்று பெயர் மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

பிள்ளை சீன இலக்கியமும் எழுத்தழகும் பயின்றார். ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் பாடஞ் சொல்லும் ஒரு விடுதிப் பள்ளியிற் சேர்ந்தார். படிப்பில் அவரை வெல்வார் அரியர். உடம்போ சிறிது. முழு வளர்ச்சி பெற்ற பின்னும் அவருடைய உயரம் ஐந்தடி இரண்டங்குலத்தைச் சுற்றியே நின்றது. விடுதியிலிருந்த பெரிய பிள்ளைகள் இச்சிறு உருவத்தைத் தங்கள் விளையாட்டுக்குப் பொருளாக்கிக்கொண்டனர். அடியும் அவமானமும் நாடோறும் வந்தன. விடுதிகளில் இவ்வாறு நடப்பது ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று என்பதை விடுதியில் வாழ்ந்த நம்மனோர் அறிவோம். ஆயினும் அடிபட்ட பிள்ளைகளுட் பெரும்பாலார் அதனை மறந்துவிடவோ, தாம் பெரியராகியபின் சிறியாரை அடிக்கவோ முற்படுவர். ஜிகோரோவோ, வலியில்லாதவன் வலியோனை வீழ்த்தும் வித்தை ஒன்று முன்னாளில் இருந்தது என்று கேள்வியுற்று, அதனைக் கற்றே தீர்வதென்று துணிந்தார்.

அவ்வித்தை ஜுஜுத்ஸு எனப்படும். ஜு என்பது மென்மை, வளைந்துகொடுத்தல். ஜுத்ஸு என்பது வித்தை. வாளிழந்த வீரன் வெறுங்கையால் எதிரியைப் பற்றுதற்கும், வீழ்த்துதற்கும், மூட்டை மடக்குதற்கும், கழுத்தை நெரித்து அடக்குதற்கும் உரிய முறைகள் அதில் அடங்கும். ஸாமுராய் என்னும் போர்க்குடியினர் பல நூற்றாண்டுகளாக இதனைப் பல பள்ளிகளாகப் பிரித்து, தத்தம் பள்ளியின் நுட்பத்தைப் பிறர் அறியாவண்ணம் காத்து வந்தனர். 1868-இல் ஷோகுன் ஆட்சி வீழ்ந்து மெய்ஜி மன்னரின் ஆட்சி தோன்றியது. 1871-இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. 1876-இல் வாள் தரித்தலும் தடையாயிற்று. சிற்றரசரிடம் மானியம் பெற்றுவந்த போராசிரியர் கதியென்ன? மேனாட்டு இயந்திரமும் மேனாட்டு உடையுமே நாகரிகம் என்று மக்கள் ஓடிய அக்காலத்தில் பழைய மல்லைக் கற்க வருவார் யார்? ஆசிரியருட் பலர் எலும்பு முறிவு கட்டும் வைத்தியராயினர். உடம்பை உடைக்கும் வழி அறிந்தவர்க்கு அதனைப் பொருத்தும் வழியும் தெரிந்திருந்தமையால் அத்தொழில் அவர்கட்கு எளிதில் வாய்த்தது. எஞ்சியோர் வேறு பிழைப்புத் தேடி வித்தையை மறந்தனர்.

இந்நிலையிலேதான் நம் ஜிகோரோ ஆசிரியரைத் தேடலானார். முதலில் வீட்டுக்கு வந்து போவோரையே கேட்டார். ஷோகுனிடம் முன்னர்ச் சேவித்த நகாய் பைஸெய் என்பார், இளமையிற் கற்ற சில பிடிகளைக் காட்டுவதுண்டு. தமக்குக் கற்பிக்குமாறு பிள்ளை வேண்டியபோது, இக்காலத்துக்கு இஃது வேண்டுவதில்லை என்று அவர் மறுத்தார். தந்தையாரின் தோட்டவீட்டைக் காத்துவந்த ஒருவரும் ஜுஜுத்ஸு அறிந்தவரே; அவரும் இணங்கவில்லை. மற்றொரு விருந்தினர் வேறொரு பள்ளியைச் சேர்ந்தவர், அவரும் அவ்வாறே. தந்தையாருக்கும் இதில் விருப்பமில்லை. மூவர் அறிந்திருந்தும் மூவரும் மறுத்தமை நாம் கருதத்தக்கது. வித்தை அழிவது அதனை அறிந்தவர் இறந்துபோவதால் மட்டும் நேர்வதன்று. அறிந்தவரே அதனை வெட்கத்துக்குரியதெனக் கருதத் தொடங்கும்போதே பாதி அழிந்துவிடுகிறது.

1877-இல் அவர் டோக்கியோ சர்வகலாசாலை மாணவரானார். அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. போராசிரியர் பலர் எலும்பு வைத்தியராயினர் என்பதை அறிந்திருந்தமையால், எலும்பு வைத்தியரின் பெயர்ப்பலகை தொங்கும் வீடுகளிற் புகுந்து, ஜுஜுத்ஸு தெரியுமோ என்று கேட்கலானார். உடம்பில் முறிவு ஒன்றுமின்றி வந்து நிற்கும் மாணவனைக் கண்டு அவர்கள் வியந்திருப்பர். பலரிடம் பலன் கிட்டவில்லை. இறுதியில் யாகி டெய்னோஸுகே என்னும் முதியவரைக் கண்டார். யாகியின் வீட்டில் பயிற்சிக்குரிய இடமில்லை. ஆயினும் அவர் டென்ஜின் ஷின்யோ என்னும் பள்ளியிற் பயின்றவர். அதே பள்ளியைச் சேர்ந்த ஃபுகுடா ஹாச்சினோஸுகே என்பாரிடம் பிள்ளையை அனுப்பினார்.

ஃபுகுடாவும் எலும்பு வைத்தியரே. வைத்தியம் பார்க்கும் அறையை அடுத்துப் பத்துப் பாய் விரித்த சிற்றறை ஒன்றே அவருடைய பள்ளிக்கூடம். ஜப்பானியர் பாய் ஏறத்தாழ ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. எனவே அறையின் பரப்பை வாசகரே கணித்துக்கொள்ளலாம். மாணாக்கர் மிகச் சிலர். ஒழுங்காக நாடோறும் வந்தவர் ஜிகோரோவும் மற்றொருவருமே. கற்பிக்கும் முறையோ நம் உபாத்தியாயர் எவரும் கையாளத் துணியாதது. ஒருநாள் ஆசிரியர் அவரைத் தூக்கி எறிந்தார். கையை எங்கு வைத்தீர், காலை எவ்வாறு பெயர்த்தீர் என்று மாணவர் பணிவுடன் கேட்டார். ஆசிரியர் மறுமொழி கூறாது அருகழைத்து மீண்டும் எறிந்தார். மீண்டும் கேட்டார், மீண்டும் எறியப்பட்டார். பலமுறை விழுந்தால் உடம்பே அறிந்துகொள்ளும் என்பது ஃபுகுடாவின் கொள்கை. ஜிகோரோவின் கையும் காலும் காயம் மிகுந்து, மருந்துக் களிம்பு மணக்க அவர் வகுப்புக்கு வருவாராம். உடன் பயின்றோர்க்கு அது நகைப்புக்கு இடமாயிற்று.

அப்பள்ளியில் ஃபுகுஷிமா என்னும் பருத்த உடம்பினர் ஒருவர் இருந்தார். அவரை எம்முறையாலும் அசைக்க ஜிகோரோவால் இயலவில்லை. முதலில் ஸுமோ என்னும் நாட்டு மல்லில் வல்லவரிடம் சென்று அம்முறைகளைக் கேட்டார், பயனில்லை. பிறகு அவர் செய்தது கலாசாலை மாணவர் செய்யத்தக்க செயல். புத்தகசாலைக்குச் சென்று மேனாட்டு மல்யுத்தத்தைப் பற்றிய நூல்களைத் தேடினார். அங்கே, எதிரியின் உடம்புக்குக் கீழே புகுந்து அவரைத் தோள்மேல் ஏற்றிச் சுழற்றி இடும் ஒரு பிடியைக் கண்டார். அதனைத் தம் நண்பரிடம் பலநாட் பழகிப் பார்த்து, ஒருநாள் ஃபுகுஷிமாவைத் தோளில் ஏற்றிக் கீழே கிடத்திவிட்டார். தோட்சக்கரம் எனப் பொருள்படும் பெயரோடு அப்பிடி இன்றும் ஜூடோவில் வழங்குகிறது. பழமையை மீட்கப் புறப்பட்டவர் அயல்நாட்டு நூலொன்றினால் வென்றார் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. தூய்மை தூய்மை என்று கூறிக் கதவடைத்துக்கொள்வார் அவரல்லர்.

1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் முன்னாள் தலைவர் கிராண்ட் என்பார் டோக்கியோ வந்திருந்தபோது, செல்வரான ஷிபுஸாவா எய்யிச்சியின் மாளிகையில் அவர் முன்னே ஜுஜுத்ஸு காட்சி நடைபெற்றது. ஃபுகுடாவும், இஸோ மஸாடோமோ என்னும் முதிய ஆசிரியரும் அதனை நடத்தினர். ஜிகோரோவும் அதில் பங்குகொண்டார். அயல்நாட்டுப் பெருமகன் ஒருவர் பார்க்க விரும்பியமையால், சொந்த நாட்டார் எறிந்துவிட்ட வித்தை ஒருநாள் மாளிகை ஏறிற்று. அதன்பின் சிறிது காலத்துக்குள் ஃபுகுடா தமது 52-ஆம் வயதில் இறந்துபட்டார். அவர் குடும்பத்தார் அவரிடமிருந்த பள்ளிச் சுவடிகளைப் பத்தொன்பது வயதும் நிரம்பாத இம்மாணவரிடம் ஒப்படைத்தனர். அவற்றைக் காப்பார் வேறு யாரும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை போலும்.

இச்சுவடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவை நம் நாட்டு ஏட்டுச்சுவடிகளைப் போலன்றிக் காகிதச் சுருள்கள். ஒரு பள்ளியின் பிடிகளது பெயர் வரிசையும், ஆசிரிய பரம்பரையும், சிற்சில தத்துவ வாக்கியங்களும் இவற்றிற் காணப்படும். பிடியை எவ்வாறு செய்வது என்று விளங்க எழுதியிருப்பது அரிது. பெயரைக் கேட்டவுடன் செயல் நினைவுக்கு வரவேண்டுமாயின் முன்னரே ஆசிரியரிடம் கற்றிருத்தல் வேண்டும். பிறர் களவாடினும் பயன்படாதிருக்கவே இவ்வாறு எழுதினர். ஆகவே ஆசிரியர் இறப்பின் சுவடி ஊமையாகும். சுவடி அழியின் ஆசிரியர் கூறுவதற்குச் சான்று இல்லையாகும். ஜிகோரோ இவ்விரண்டையும் ஒருங்கே தேடியதே அவருடைய சிறப்பு. பழம் புத்தகக் கடைகளில், வறுமையுற்ற போர்க்குடும்பத்தார் விற்றுவிட்ட சுருள்களும் கையெழுத்துப் பிரதிகளும் கிடைத்தன. அவற்றைத் தம்மால் இயன்றபோதெல்லாம் வாங்கிச் சேர்த்தார்.

ஃபுகுடாவுக்குப்பின் அவர் இஸோவிடம் சென்றார். ஃபுகுடா எதிரெதிர் நின்று விருப்பம்போல் முயலும் பயிற்சியை வலியுறுத்தியவர். அறுபது வயது கடந்த இஸோவோ வரையறுத்த முறைப்பயிற்சியில் வல்லவர். ஒருவரிடம் காணாதது மற்றவரிடம் கிடைத்தது. மாணாக்கர் பலர்க்குக் கற்பிக்கும் பொறுப்பும் ஜிகோரோவின்மேல் விழுந்தது. அவர் இரவு நெடுநேரம் பயிற்றிக் களைத்து வீடு திரும்புவார். 1881-இல் இஸோவும் மறைந்தார். மீண்டும் ஆசிரியர் இல்லை, மீண்டும் தேடல். உடன் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் கிட்டோ என்னும் பள்ளியைச் சேர்ந்தவர் என்பதை அறிந்து அவரை அடைந்தார். தாம் முதியராகிவிட்டமையால் அவர் ஈக்குபோ ட்ஸுனெடோஷி என்பாரைச் சுட்டினார். ஈக்குபோ ஷோகுன் ஆட்சியில் அரசாங்கப் போர்க்கலைச் சாலையில் ஆசிரியராயிருந்தவர். டென்ஜின் ஷின்யோ பள்ளியில் மடக்குதலும் நெரித்தலும் தலைசிறந்தன. கிட்டோ பள்ளியில் எறிதலே தலைமை பெற்றது. கவசம் பூண்ட போர்வீரனை நிலைகுலைத்து வீழ்த்தும் முறை அப்பள்ளிக்கே உரியது. அதுகாறும் தாம் கற்றது ஒரு பாதியே என்பதை ஜிகோரோ இங்கே உணர்ந்தார்.

அவ்வாண்டிலேயே அரசியலும் பொருளாதாரமும் கற்றுச் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றார். மேலும் ஓராண்டு தத்துவம் பயின்றார். 1882-இன் தொடக்கத்தில் பிரபுக்களின் புதல்வர் பயிலும் ககுஷூயின் கலாசாலையில் உபாத்தியாயரானார். அவ்வாண்டு மே மாதத்தில், எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் அறைகள் வாடகைக்குப் பெற்று, பன்னிரண்டு பாய்களை விரித்துத் தமது பள்ளியைத் தொடங்கினார். அதற்குக் கோடோகான் என்று பெயரிட்டார். வழியை ஆராயும் மண்டபம் என்பது பொருள். முதலாண்டிற் சேர்ந்தவர் ஒன்பதின்மர். கட்டணம் பெற்றிலர், பயிற்சி உடையும் தாமே அளித்தார். அச்செலவுக்காக இராக்காலத்தில் கல்வி இலாகாவுக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்தார். ஈக்குபோ வாரத்தில் இரண்டு மூன்று முறை அங்கே வந்து ஆசிரியருக்கும் மாணாக்கர்க்கும் ஒருசேரக் கற்பித்தார்.

ஆலயத்துக் குருவுக்கோ இது பெருந்தொல்லையாயிற்று. இளைஞர் ஒருவரையொருவர் எறியுந்தோறும் தரை அதிர்ந்தது, மூதாதையர் பெயர் பொறித்த பலகைகள் மாடங்களினின்றும் விழுந்தன, கூரையோடும் குலைந்தது. தரையைத் தாங்கும் கட்டைகள் முறிந்தபோது, இரவில் விளக்கேந்தித் தரைக்குக் கீழே நுழைந்து அவற்றைச் செப்பனிட்டவர் நம் உபாத்தியாயரே. பகலில் பிரபுக்களின் மைந்தர்க்குப் பொருளாதாரம் போதித்தவர் அவரே என்பதை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம். பின்னர் ஆலய வளாகத்திலேயே சிறு கொட்டகை ஒன்று கட்டிக்கொண்டார்.

ஒருநாள் ஈக்குபோவுடன் பயிலுங்கால் அரியதொன்று நிகழ்ந்தது. வழக்கமாக ஆசிரியரே மாணவரை எறிவார். அன்றோ மாணவர் எறிந்தார், பலமுறை எறிந்தார். ஆசிரியர் வியந்து காரணம் வினவினார். எதிரியின் நிலை எத்திசையில் குலைகின்றதென்று முன்னர் அறிந்து, அல்லது அதனைக் குலையச் செய்து, அதன் பின்னரே பிடியை இடுதல் வேண்டும் என்னும் தம் ஆராய்ச்சியை ஜிகோரோ விளக்கினார். தாம் கற்பிக்கவேண்டியது இனி ஒன்றுமில்லை என்று ஈக்குபோ ஒப்புக்கொண்டு, கிட்டோ பள்ளியின் நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் அவரிடமே கொடுத்துவிட்டார். மாணவன் தன்னை விஞ்சிய நாளில் புத்தகப் பெட்டியைத் திறந்து கொடுக்கும் ஆசிரியர் எத்தனை பேர் உளர்? கானோவின் சரித்திரத்தில் நாம் மிகவும் விரும்பும் இடம் இதுவே. அவரும் அக்கொடையை மறந்தாரல்லர். கவசப் போரை நினைவூட்டும் கிட்டோ முறைகள் இருபத்தொன்றும், பண்டைய வடிவம் எனப் பொருள்படும் கோஷிகி என்ற பெயரால் இன்றளவும் கோடோகானிற் பயிலப்படுகின்றன. அன்றாடப் பயிற்சிக்கு அவை வேண்டியவையல்ல. ஈக்குபோவிடம் பெற்றதை இழக்கலாகாது என்றே அவற்றைக் காத்தார்.

தாம் திரட்டியதற்கு ஜூடோ என்று பெயரிட்டார். அச்சொல்லை அவரே புனைந்தவரல்லர். பழைய பள்ளி ஒன்று முன்னரே அதனை வழங்கிற்று என்று அவரே கூறியுள்ளார். ஜுத்ஸு என்னும் வித்தைச் சொல்லை நீக்கி, டோ என்னும் வழி எனும் சொல்லை வைத்ததில் கருத்துண்டு. அக்காலத்தில் ஜுஜுத்ஸு என்றாலே தெருச்சண்டையும் கூலிக்குக் காட்டும் வேடிக்கையும் நினைவுக்கு வந்தன. உயிர்நிலைகளிற் குத்துதல் உதைத்தல் முதலிய கொடிய பகுதிகளை அவர் அறவே நீக்கிவிடவில்லை. எதிர்நின்று முயலும் பயிற்சியினின்று விலக்கி, முறைப்பயிற்சிக்குள் அடக்கினார். அதனால் இளைஞர் முழு வலியையும் செலுத்திப் பயின்றும் உயிர்க்கேடின்றி வீடு திரும்பினர். முறைப்பயிற்சியை இலக்கணத்துக்கும், எதிர்ப்பயிற்சியைக் கட்டுரை வரைதலுக்கும் அவர் ஒப்பிடுவார். கட்டுரைப் பயிற்சிப் புத்தகத்தோடு மல்லாடும் நம் மாணாக்கர்க்கு இவ்வுவமை நன்கு விளங்கும்.

சுவடி தேடியதன் பயன் 1888-இல் அறிஞருலகுக்கும் புலனாயிற்று. பாதிரியாரான லிண்ட்ஸே என்பாருடன் சேர்ந்து, ஜப்பானிலிருந்த ஆசியச் சங்கத்தாருக்காக ஜுஜுத்ஸுவின் வரலாற்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வரைந்தார். அவ்வித்தையைச் சீன நாட்டினின்று வந்த சின் கெம்பின் என்பார் பதினேழாம் நூற்றாண்டிற் கொணர்ந்தார் என்பது அந்நாளில் பலர் நம்பிய கதை. வேறொரு கதை, வைத்தியரொருவர் பனிக்காலத்தில் வில்லோ மரத்தைக் கண்டு, அதன் கிளை வளைந்து பனியைச் சரித்துவிட்டு முறியாது நிற்பதனால் இவ்வித்தையின் உண்மையை அறிந்தார் என்று கூறும். கானோ கதையின் அழகில் மயங்கவில்லை. டாகெனோஉச்சி என்னும் பள்ளி 1532-இலேயே தோன்றிவிட்டதாகப் பழஞ் சான்றுகள் கூறுதலின், நூறாண்டு பிந்தி வந்த சீனரை மூலபுருஷராகக் கொள்ளுதல் பொருந்தாது என்று காட்டினார். புத்தகக் கடையில் வாங்கிய சுருள்கள் இல்லையாயின் இவ்வாராய்ச்சி எங்ஙனம் நிகழும்?

பின்னர் வந்த புகழைச் சுருங்கக் கூறி அமைவோம். ஏறத்தாழ 1886 முதல் போலீஸ் இலாகா நடத்திய போட்டிகளில் கோடோகான் இளைஞர் பழம் பள்ளிகளின் வீரரைப் பெரும்பாலும் வென்றனர். அதன்பின் மாணாக்கர் திரள் திரளாய் வந்தனர். இங்கே ஒரு குறையையும் கூறுதல் நேர்மை. எல்லாரும் கோடோகானை நோக்கி ஓடவே, சிற்றூர்களில் ஓரிரு முதியவரால் உயிர்பெற்றிருந்த பழம் பள்ளிகள் பல மாணாக்கரின்றி ஒழிந்தன. அழியும் வித்தையைக் காக்கப் புறப்பட்டவரின் வெற்றியே வேறு சில வித்தைகளின் அழிவுக்குத் துணையாயிற்று. அவர்மேல் இதனைக் குற்றமாகச் சாட்டுவோமல்லோம். ஆயினும் அவர் தாமே இதனை அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய முதுமைச் செயல்கள் சான்று பகரும். அவற்றைப் பின்னர்ச் சொல்வோம்.

1884-இல் அரசாங்கத்துத் தேகப்பயிற்சி நிலையத்தார் ஜுஜுத்ஸு பள்ளிகளுக்கு ஏலாதென்று தீர்ப்புக் கூறியிருந்தனர். 1889-இல் ஜப்பானியக் கல்விச் சங்கத்தார் முன்னே கானோ நீண்டதொரு சொற்பொழிவாற்றி, ஜூடோ உடம்புக்கும் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் பயன்படுமாற்றை விளக்கினார். ஆயினும் நடுநிலைப் பள்ளிகளில் அதற்கு இடம் கிடைத்தது 1911-இலேதான். இதனிடையே ஐரோப்பாவுக்குச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். மீளும் கப்பலில், பருத்த ருஷ்ய அதிகாரி ஒருவர் அவருடன் மல்லுக்கு நின்றார். கானோ அவரை எறிந்ததோடு அமையாது, தலை தளத்தில் மோதாவண்ணம் கையால் தாங்கியும் கொண்டார். கண்டோர் எறிந்ததைவிடத் தாங்கியதையே வியந்தனராம். பின்னர்க் குமாமோட்டோ நகரத்துக் கலாசாலைக்குத் தலைவரானார்; ஆங்கில எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் அங்கே ஆசிரியராயிருந்தார். ஹெர்ன் 1895-இல் வெளியிட்ட நூலொன்றில் ஜுஜுத்ஸுவைப் பற்றி எழுதியதனால் மேனாட்டார் பலர் அப்பெயரை முதன்முதல் அறிந்தனர். 1893 முதல் 1920 வரை, இடையிற் சிற்சில காலம் நீங்கலாக, டோக்கியோ உயர்தர உபாத்தியாயப் பயிற்சிக் கலாசாலையின் தலைவராக விளங்கினார். சீனத்திலிருந்து வந்த மாணவர்க்கென அவர் நிறுவிய பள்ளியிலே, பின்னாளில் பெரும் எழுத்தாளராய் விளங்கிய லூ சுன் 1902 முதல் 1904 வரை பயின்றார்.

1906-இல் கியோட்டோ நகரில், பல பள்ளிகளின் முதிய ஆசிரியர்களை ஒருங்கே கூட்டி, முறைப்பயிற்சிகளை ஒழுங்குபடுத்தும் சபைக்குத் தலைமை வகித்தார். மறைவாய்க் காக்கப்பட்ட பிடிகளை எதிர்ப்பள்ளியார் ஒருவர்க்கொருவர் காட்டியது அக்கூட்டத்திலேதான். 1922-இல் ஓகினாவாத் தீவினின்று ஃபுனாகோஷி கிச்சின் என்பார் கராத்தே என்னும் அறியப்படாத வித்தையுடன் டோக்கியோ வந்தபோது, அவரைக் கோடோகானுக்கு அழைத்துக் காட்சி நடத்தச் செய்தார். 1928-இல் பழம் போர்வித்தைகளை ஆராயும் கழகம் ஒன்றைத் தம் பள்ளிக்குள்ளேயே அமைத்து, கட்டோரி என்னும் பழம்பள்ளியின் ஆசிரியரை வருவித்து, தம் சிறந்த மாணாக்கரை அவர்கள்முன் தொடக்க மாணவராக அமரச் செய்தார். 1930-இல் உயேஷிபா மொரிஹெய் என்பாரின் பயிற்சியைக் கண்டு வியந்து, தம் மாணவரான மோச்சிஸுகியை அவரிடம் கற்க அனுப்பினார். எழுபதை எட்டிய முதியவர், பதினேழு வயதில் எலும்பு வைத்தியரின் வாயிலில் நின்ற அதே மாணவராகவே இருந்தமையை இதிற் காண்கிறோம். கவி தாகூரின் சாந்திநிகேதனத்துக்கு 1929-இல் கோடோகானைச் சேர்ந்த டாகாகாகி என்னும் ஆசிரியர் வந்து ஜூடோ கற்பித்தமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

1909-இல் சர்வதேச ஒலிம்பிக் சங்கத்துக்கு ஆசியாவிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட முதல் அங்கத்தினர் அவரே. 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரத்து விளையாட்டுக்கு இரண்டே வீரரை அழைத்துச் சென்றார். 1940-ஆம் ஆண்டு விளையாட்டு டோக்கியோவில் நடைபெற வேண்டுமென்று பலகால் முயன்று, 1936-இல் அவ்வுரிமையைப் பெற்றார். அடுத்த ஆண்டில் ஜப்பானியச் சேனை சீனத்திற் போர் தொடங்கிற்று. சீன மாணவரைப் போற்றி வளர்த்த முதியவர்க்கு அஃது எத்தகைய துயரமாயிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். 1938 மார்ச்சு மாதத்தில் கெய்ரோ நகரிற் கூடிய சங்கத்தில், போரைச் சுட்டிப் பலர் தடை கூறியும், விளையாட்டு டோக்கியோவிலேயே நடைபெறும் என்பதை நிலைநிறுத்தினார். பின்னர் அமெரிக்கா வழியாக ஹிகாவா மாரு என்னும் கப்பலில் ஊர் திரும்பினார். வழியில் நுரையீரற் காய்ச்சல் கண்டது. மே மாதம் 4-ந் தேதி, கப்பல் யோக்கொஹாமாவை அடைய இரண்டு நாளிருக்கையில், 77-ஆம் வயதில் கடல்மேலேயே உயிர்துறந்தார். இரண்டு மாதம் கழித்து ஜப்பானிய அரசாங்கம் அவ்விளையாட்டை வேண்டாமென்று துறந்துவிட்டது. டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்ததும், அதில் ஜூடோ இடம்பெற்றதும் 1964-இலேதான்.

ஃபுகுடாவின் சிற்றறையில் அவர் அணிந்து பயின்ற மேற்சட்டை கோடோகானின் காட்சிச்சாலையில் இன்றும் இருக்கிறது. கை குட்டையானது, கிழிந்த இடமெல்லாம் தையலிட்டுத் தையலிட்டு, மூலத்துணி எது, ஒட்டுத்துணி எது என்று பிரித்தறிய இயலாத நிலையில் உள்ளது.